பெயர் கேட்காத அறை

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. மேலே "கொள்முதல் ஆவணப் பார்வை அறை" என்று பலகை தொங்கும். அதற்குள் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளை அலுவலகமே "பூஜ்யம் மேடம்" என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. ஆனால் ஒரே படிக்கட்டு உள்ள கட்டடத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னது காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? முதல் மாதமே வந்து சேர்ந்துவிட்டது.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொரு பிரிவும் மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். பார்வை அறையின் படிவத்தில் கேள்வி ஒன்றே ஒன்று: "இம்மாதம் பதிவேட்டில் கையெழுத்திட்ட பார்வையாளர்கள் எத்தனை பேர்?" அவள் பேனாவைத் திறந்து, கோணாமல் ஒரு பூஜ்யம் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வருஷமும் இதே கதைதான்.

இதைக் கேட்டுவிட்டு, ஓகோ, அம்மா அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாளாக்கும் என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன். அந்த அறைக்கு ஆள் வராத நாளே கிடையாது. நகராட்சி யாரிடம் என்ன வாங்கியது, யார் யார் விலை சொன்னார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்களை எதற்காகத் தள்ளினார்கள் என்பதெல்லாம் டெண்டர் முடிந்த ஒரு மாதத்தில் கோப்பாகக் கட்டி இங்கே வந்துவிடும். ஜெயித்தவர் பெயரும் தொகையும் இணையதளத்திலேயே கிடக்கும். தோற்றவர் ஏன் தோற்றார் என்பது மட்டும் இந்த அறையில்தான் இருக்கும். தோற்றவருக்கு வேண்டியதும் அதுதானே?

அதனால் பினாயில் காய்ச்சுகிறவர்கள் வந்தார்கள். துடைப்பம் கட்டுகிறவர்கள், பள்ளிக்கூட பெஞ்சு செய்கிறவர்கள், குப்பைக் கூடை பின்னுகிறவர்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து ஒரு நரைத்த தையற்காரர் வருவார். வெள்ளிக்கிழமைகளில் விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் பொடியோடு இன்னொரு இளவயதுத் தையற்காரர் வருவார். அவளுக்கு முன்னவர் செவ்வாய்க்காரர், பின்னவர் வெள்ளிக்காரர். அதற்கு மேல் ஒரு விவரமும் தெரியாது, ஏனென்றால் அவள் யாரிடமும் பெயர் கேட்டதே இல்லை.

அங்கேதான் நம்ம அம்மா ஒரு தப்புப் பண்ணினாள். முப்பத்திரண்டு வயதில் அவளைப் பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து இங்கே மாற்றினார்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் அழுவார்கள். இங்கே முதல் வாரம் வந்த மனிதர் இரண்டும் செய்யாமல் வாசலில் நின்று திருதிருவென்று முழித்தார். அவள் எழுந்து, "வாங்க, முதல்ல இதுல பேர் எழுதுங்க" என்று பதிவேட்டை நீட்டினாள். அவ்வளவுதான். மனிதர் பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரில் விதி ஒட்டியிருந்தது: "எவரும் பார்வையிடலாம். எதற்காக என்று கேட்கக் கூடாது." அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எதற்காக என்று கேட்கக் கூடாது என்றால், பெயரைக் கேட்பது மட்டும் எப்படிச் சரியாகும்? இன்று பெயரைக் கேட்டால் நாளைக்கு ஊரைக் கேட்போம், அப்புறம் மெதுவாக எதற்காக என்றும் கேட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. விதி அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அவளுக்கு எதையும் ஒரு பிடி கூடவே கடைப்பிடித்துத்தான் பழக்கம். பதிவேட்டை மேசையின் அடி இழுப்பறையில் போட்டு மூடினாள். கோப்புகளையும் அப்படித்தான். துடைப்பாள், அடுக்குவாள், கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை. படிப்பதற்கு வருகிறவர்கள் இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

வண்டி இப்படியே ஓடியிருக்கும். புதிதாக ஒரு துணை இயக்குநர் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், சுறுசுறுப்பு, கையில் எப்போதும் அளவுநாடா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி வகுப்புக்கு இடம் தேடி ஒவ்வொரு அறையாக அளந்துகொண்டு வந்தவர், பழைய படிவங்களையும் ஒரு கட்டாகக் கையில் எடுத்து வந்திருந்தார்.

"மேடம், இருநூத்திச் சொச்சம் மாசம். எல்லாத்துலயும் பூஜ்யம். யாருமே வராத இடத்துக்கு ரெண்டு ஃபேன், ஒரு ஆள் எதுக்கு?" என்றார்.

"வர்றாங்க மேடம். கையெழுத்துதான் போடறதில்ல."

"அதை நான் எப்படி நம்பறது? வருஷத்துக்கு இருபது பேராவது வர்றாங்கன்னு காட்டுங்க. புதன்கிழமை பத்தரைக்கு வரேன். இல்லன்னா ஃபைலெல்லாம் கிடங்குக்குப் போயிடும். உங்களுக்கு வரி கவுன்ட்டர்ல நல்ல இடமா பாத்துத் தரேன், கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல் எப்படி இருக்க முடியும்? அவளுக்குச் சம்பளம் குறையப்போவதில்லை, சரி. ஆனால் கிடங்கு ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரு கோப்பைப் பார்க்க மனு எழுத வேண்டும், மனுவில் காரணம் எழுத வேண்டும், அதன் மேல் ஒரு அதிகாரி கையெழுத்து வைக்க வேண்டும். வாசலில் நின்று முழிக்கிற ஆள் மனு எழுதி அதிகாரியிடம் போய் நிற்பாரா? ஒருத்தரும் போக மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறையை மூடினால் கோப்பையும் மூடினதுதான்.

விஷயம் தெரிந்ததும் இரண்டாம் மாடிக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். நல்ல மனுஷன், ஆனால் அலுவலகத்தில் உள்ள எல்லாக் குறுக்கு வழியும் அவருக்கு அத்துப்படி. நாலு நிறத்தில் நாலு பேனாவை மேசையில் வைத்தார்.

"இதுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அந்த நோட்டை எடுங்க. வலது கையில கொஞ்சம், இடது கையில கொஞ்சம், சாய்ச்சுக் கொஞ்சம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள இருநூறு பேரை வரவெச்சிடலாம்."

"வராத ஆளை வந்ததா எழுதறதா?"

"வந்த ஆளைத்தானே எழுதாம விட்டீங்க? கணக்குச் சரியாப் போச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பேனாக்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த அறையில் உள்ள தாளையெல்லாம் ஜனங்கள் நம்பிப் படிக்கிறார்கள், அதில் முதல் பொய்யைத் தன் கையால் எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். "நான் வந்து ஒரு கையெழுத்துப் போடட்டுமா?" என்றார்.

"நீங்க எந்த ஃபைலைப் பாத்தீங்க?"

"ஃபைலை எங்க பாத்தேன்? முப்பது வருஷமா உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"போதும், கீரையை ஆய்ஞ்சு வைங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் அன்று நன்றாகத் தூங்கினாள், அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை படியேறும்போதுதான் யோசனை வந்தது. வந்தவர்கள் பெயர் அவளுக்குத் தெரியாது, முகம் தெரியும். டெண்டர் போடுகிற ஒவ்வொருவரும் விண்ணப்பத்தில் படம் ஒட்டி, கடையின் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். அந்த விண்ணப்பங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? அவளுக்குப் பின்னால், அலமாரியில்!

ஆனால் அங்கேயும் அவளுக்கு ஒரு சங்கடம். பதிவறை ஊழியர் தன் சொந்த வேலைக்குக் கோப்பைப் பிரிக்கலாமா? கூடாது. பொதுஜனம் பிரிக்கலாமா? தாராளமாக. ஆகவே மத்தியான இடைவேளைக்கு மணி அடித்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள். வராந்தாவில் பத்தடி நடந்தாள். திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு பொதுஜனமாக உள்ளே வந்தாள். அலமாரியிலிருந்து கோப்புகளை எடுத்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கமாக ஆடியது. பத்தொன்பது வருஷமாக ஒருத்தர்கூட அதைச் சொன்னதில்லையே என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

படங்களில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதோ பினாயில் அம்மா, இதோ துடைப்பக்காரர், இதோ செவ்வாய்க்காரர், மீசையை முறுக்கிக்கொண்டு. மூன்று நாள் இடைவேளையில் முப்பத்து நாலு எண்கள் தேறின. தன் சொந்தத் தொலைபேசியில், வராந்தாவில் நின்று, ஒவ்வொருவராக அழைத்தாள்.

"நான் மூணாவது மாடி ஃபைல் ரூம்லேருந்து பேசறேங்க. ரூமை மூடப் போறாங்க. புதன்கிழமை பத்து மணிக்கு நேர்ல வந்து, இங்க வந்து பாக்கறது உண்மைதான்னு ஒரு கையெழுத்துப் போட முடியுமா?"

முதலில் பேசிய பினாயில் அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "வந்துடறேம்மா. ஆனா ஒண்ணு. அப்படி ஒரு ரூம் இருக்கறதே இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். வேற யாருக்கும் தெரிஞ்சிடாதே?"

துடைப்பக்காரரும் அதையே கேட்டார். பெஞ்சுக்காரரும் கேட்டார். ஐந்தாவது ஆளும் கிசுகிசுக்க ஆரம்பித்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரே வந்து போகிற அறையை, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் கிடைத்த புதையல் என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்! எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியக் கூடாதே என்று அக்கம்பக்கம் பார்த்துப் படியேறியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த முழி. அவளுக்கு வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் யார் வருகிறார்கள் என்று ஒருத்தரைப் பற்றி ஒருத்தரிடம் சொல்வது அவள் பழக்கமில்லை. வாயைத் திறக்காமல், "வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை வந்தது. நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்து வைத்தாள். இழுப்பறையிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினாள். பத்து மணிக்குப் பினாயில் அம்மா முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நுழைந்தார். அவர் பின்னாலேயே இன்னொரு பினாயில்காரர் நுழைந்தார். இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அடுத்து இரண்டு துடைப்பக்காரர்கள். அப்புறம் பெஞ்சுக்காரர்கள் மூன்று பேர், படியிலேயே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு, "நான் வரி கட்ட வந்தேன்", "நானும் வரிதான்" என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரும் இதே கதவுக்குள் வந்தார்கள்.

பத்தேகாலுக்கு அறை நிரம்பிவிட்டது. நிரம்பி என்ன பிரயோஜனம்? பதிவேடு திறந்து கிடக்கிறது, பேனா பக்கத்தில் கிடக்கிறது, தொடுவார் இல்லை. முதலில் கையெழுத்துப் போடுகிறவன் மாட்டிக்கொள்கிற மாதிரி எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் நழுவப் பார்த்தார்கள். தானே பூட்டு வாங்கிக் கொடுத்து இந்த அறையைப் பூட்டச் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று நினைத்தாள். அளவுநாடாவோடு துணை இயக்குநரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். மூலையில் சீருடைக் கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த செவ்வாய்க்காரரைப் பார்த்தார். கோப்புக்கு மேலே நரைத்த தலையும் கீழே அளவு நாடாவும் தெரிந்தன.

"மாமா?" என்றார்.

கோப்பு மெதுவாக இறங்கியது. "வாங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர். பழக்க தோஷம்.

"பல் டாக்டரைப் பாக்கப் போறீங்கன்னு அத்தை சொன்னாங்களே?"

"உங்களுக்கும் பல்வலின்னுதானே எம்மக சொன்னா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நாலு வருஷத்து ஆற்றாமை அத்தனையும் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி தெருக்கூட்டறவங்க சீருடை டெண்டர் எனக்குக் கிடைச்சப்ப என்ன சொன்னீங்க மாமா? யாரையோ கவனிச்சுட்டான்னு சொந்தக்காரங்க முன்னாடியே சொன்னீங்க. அன்னிலேருந்து உங்க வீட்ல நான் கை நனைக்கல."

"அடுத்த வருஷம் எனக்குக் கிடைச்சப்ப நீங்களும் அதையேதானே சொன்னீங்க?" என்றார் பெரியவர். "நான் யாரையும் கவனிக்கல மாப்பிள்ளை. இங்க வந்து ஃபைலைத்தான் பாத்தேன். என் சட்டையில பைக்கு ஒத்தைத் தையல், மூணு தடவை துவைச்சதும் பிரிஞ்சிடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. உங்களுது ரெட்டைத் தையல். அதைப் பாத்துத் திருத்தினேன்." கோப்பைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, மறந்துடக் கூடாதுன்னு பென்சில்ல புள்ளிகூட வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்தப் புள்ளியெல்லாம் நீங்க வெச்சதா? ஆபீசர் வெச்ச குறின்னு நினைச்சு, நான் இந்த இடமாப் பாத்துப் பாத்துத்தானே ஒவ்வொரு வருஷமும் சரி பண்ணினேன்!"

"அப்ப உங்களுக்கு நான்தான் வழி காட்டியிருக்கேனா?"

"ஃபைல்ல பென்சில் வெக்கக் கூடாதுன்னு அத்தனை பெரிசா எழுதி ஒட்டியிருக்கே!" என்று கத்திவிட்டாள் அவள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். அப்புறம் அறையே சிரித்தது. பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார், மேசைக்கு வந்தார், பேனாவை எடுத்தார்.

"நான் போடறேம்மா. யாரையும் கவனிக்காம, படிச்சுப் பாத்து ஜெயிச்சேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். அதன் கீழேயே மாப்பிள்ளை போட்டார்.

பினாயில் அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார். "என்னையும் அப்படித்தான் ஊரெல்லாம் பேசறாங்க. கொண்டாங்க அந்தப் பேனாவை." எதிர்ப் பினாயில்காரரின் முகம் சுருங்கியது. ஊரெல்லாம் பேசியது அவர்தான் போலிருக்கிறது. ஆனாலும் வரிசையில் அடுத்து நின்றார். நழுவப் பார்த்த இருவரும் திரும்பி வந்தார்கள். தள்ளாதீங்க, நான் முந்தி வந்தேன் என்கிற சத்தத்தில் கண்காணிப்பாளர் இரண்டாம் மாடியிலிருந்து ஏறி வந்து, தன்னுடைய நாலு பேனாவையும் வரிசைக்குக் கொடுத்து உதவினார்.

துணை இயக்குநர் பதிவேட்டை எண்ணிப் பார்த்தார். முப்பத்தோரு பேர். "ஏன் மேடம், இத்தனை பேர் வர்ற இடத்துக்கா மாசா மாசம் பூஜ்யம் போட்டீங்க?"

"கையெழுத்து எத்தனைன்னுதான் கேட்டிருந்தாங்க மேடம். ஆள் எத்தனைன்னு யாரும் கேக்கலையே."

துணை இயக்குநர் பதிவேட்டை மூடி அவளிடம் கொடுத்தார். பிறகு அளவுநாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ரூம் இங்கயே இருக்கட்டும். அந்தப் படிவத்தை நான் மாத்தறேன். பேர் வேண்டாம், ஆளை மட்டும் எண்ணிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் உடைந்த நாற்காலிகளை அளக்கப் போனார்.

கூட்டம் கலைந்தது. தையற்காரர்கள் இருவர் மட்டும் போகவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கோப்பைப் புரட்டிக்கொண்டு, காலர் பட்டை அகலத்தைப் பற்றி நன்றாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த டெண்டரிலும் எதிரெதிரே நிற்கத்தான் போகிறார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே நெஞ்சில் ஏதோ உறுத்தியது. செவ்வாயும் வெள்ளியும் இந்த இரண்டு பேரையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரையாவது கேட்டிருந்தால், ஒருநாள் பேச்சுவாக்கில் மாமனார் மாப்பிள்ளை என்று தெரிந்திருக்குமோ? நாலு வருஷம் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை பாதி காலியாகக் கிடந்திருக்காதோ? மனசு கேட்காமல் அதை அப்படியே அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

"நல்லாயிருக்கே," என்றார் பெரியவர். "நீங்க பேர் கேட்டிருந்தா நான் ரெண்டாவது தடவை வந்திருக்கவே மாட்டேன். தோத்துப் போனவன் வந்து உக்கார ஒரு இடம் கொடுத்தீங்க. அது போதாதா?"

மாப்பிள்ளை அதற்குள் தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்துவிட்டார். "இன்னிக்கு மத்தியானம் உங்கப்பாவோட சாப்பிட வரேன். ஆமா, நான்தான் பேசறேன். ஆமா, ரெண்டு பேரும். எல்லாம் இந்த ஃபைல் ரூம் அம்மா புண்ணியம். அட, அழாதே, சொல்றதைக் கேளு." தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் திரும்பினார். "உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றாம்மா. வாங்களேன்."

அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. "சப்ளையர் வீட்ல சாப்பிட ரூல் இல்லீங்க" என்றாள்.

"சரி, அப்ப பேரையாவது சொல்லுங்க. யாரு அவங்கன்னு கேக்கறா. இத்தனை வருஷம் வந்து போறேன், எனக்கே தெரியலையே."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அந்த அறையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளிடம் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை அதை ஒரு எழுத்து விடாமல் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் அந்தப் பெண் சரியாகக் கேட்காமல் திரும்பக் கேட்டாள் போலிருக்கிறது. பெரியவர் தொலைபேசியை வாங்கி, இன்னும் சத்தமாக, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்படி ஒரு தடவை சொன்னார்.